சைப்ரஸ் எரிவாயு எந்த வழியில் போனால் கட்டுபடியாகும்? ஆறு பாதைகளின் ஒப்பீடு

கச்சா எண்ணெய் கிடைத்தால் கப்பலில் ஏற்றி, போகிற வழியில்கூட ஆள் பிடித்து விற்றுவிடலாம். எரிவாயுவில் அது நடக்காது. யாருக்கு, எந்த வழியாக, எத்தனை வருடத்துக்கு என்று முடிவாகாமல் கிணற்றைத் திறப்பதில் அர்த்தமே இல்லை. சைப்ரஸின் கதை முழுக்க இதுதான். 2011 டிசம்பரில் தீவுக்குத் தெற்கே அஃப்ரடைட்டி வயலை நோபிள் எனர்ஜி கண்டுபிடித்தது. பிறகு கலிப்ஸோ (2018), கிளாக்கஸ் (2019), குரோனோஸ் (2022), பெகாசஸ் (2025) என்று பெயர்ப் பட்டியல் மட்டும் நீண்டது. அஃப்ரடைட்டி கிடைத்து 14 வருடம் ஓடியும் ஒரு கன அடி வாயுகூட விற்பனைக்குப் போகவில்லை. அந்த நாட்டின் மின்நிலையங்கள் அத்தனை காலமும் கனரக எண்ணெயையும் டீசலையும் எரித்துக்கொண்டிருந்தன.

"எகிப்துக்குக் குழாய் போடுவதா, கிரீஸுக்கா, சொந்தமாக எல்.என்.ஜி. (குளிரவைத்துத் திரவமாக்கிய எரிவாயு) ஆலை கட்டுவதா? எதுதான் புத்திசாலித்தனம்?" இந்த விஷயத்தைக் கவனித்து வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதுதான். ஆழ்கடலில் வாயு கிடைத்த எந்தச் சிறிய நாட்டுக்கும் இதே கேள்வி வரும். ஆறு வழிகளும் ஒரே மேசையில் அலசப்பட்ட இடம் என்பதால் சைப்ரஸை வைத்தே பார்ப்போம்.

## எதை வைத்து எடை போடுவது?

அளவு. முதலில் கேட்க வேண்டியது இது. ஆண்டுக்கு 10 லட்சம் டன் எல்.என்.ஜி.யை 20 வருடம் தயாரிக்க ஏறத்தாழ ஒரு டிரில்லியன் (லட்சம் கோடி) கன அடி வாயு வேண்டும். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டாலே பல அறிவிப்புகளின் சாயம் வெளுத்துவிடும். அஃப்ரடைட்டியில் எடுக்கக்கூடியது சுமார் 3.5 டிரில்லியன் கன அடி. மொசாம்பிக்கின் ரோவுமா படுகையில் 100 டிரில்லியனுக்கு மேல். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் பலிக்காது.

முன்பணம். முதல் வாயு வெளியே வருமுன் எவ்வளவு கொட்ட வேண்டும், அதை யார் கொட்டுவது?

கையில் நிற்கும் விலை. ஐரோப்பாவில் என்ன விலை என்பது செய்தித்தாளுக்கு. அதிலிருந்து கப்பல் வாடகை, திரவமாக்கும் கூலி, குழாய்க் கட்டணம், வழியில் எரிந்துபோகும் வாயு எல்லாம் கழித்தபின் கிணற்றடியில் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் உற்பத்தியாளருக்கு.

கடிவாளம். வாயு போகும் பாதையை நிறுத்தவோ விலையைக் கீழே அழுத்தவோ யாரால் முடியும்?

காலம். 2022 ஆகஸ்டில் ஐரோப்பாவில் ஒரு மெகாவாட் மணிக்கு 300 யூரோவையும் தாண்டிய விலை, 2024-ல் பல மாதங்கள் 30 யூரோவை ஒட்டியே இருந்தது. கத்தார் தன் ஆண்டு எல்.என்.ஜி. திறனை 7.7 கோடி டன்னிலிருந்து 2030-க்குள் 14.2 கோடி டன்னாக்கும் வேலையில் இருக்கிறது. அமெரிக்காவும் சும்மா இல்லை. பத்து வருடம் கழித்துத் தயாராகும் பாதைக்கு அன்றைக்கு வாங்க ஆள் இருப்பார்களா என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

## 1. எகிப்துக்குக் குழாய்

எகிப்தின் மத்தியதரைக் கடற்கரையில் இரண்டு எல்.என்.ஜி. ஆலைகள் ஏற்கெனவே நிற்கின்றன. இட்கு ஆலையின் திறன் ஆண்டுக்குச் சுமார் 72 லட்சம் டன். டாமியட்டாவினுடையது சுமார் 50 லட்சம் டன். போதிய வாயு இல்லாமல் டாமியட்டா 2012 கடைசியில் மூடப்பட்டு 2021-ல்தான் மறுபடி ஓடியது. கட்டி முடித்த, பாதி காலியான ஆலை கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு? இந்த வழியின் மொத்த வாதமும் அவ்வளவுதான். அது பலமான வாதமும்கூட.

யார் எதில் பங்குதாரர் என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். குரோனோஸ் வயலை நடத்துவது எனி நிறுவனம், கூட்டாளி டோட்டல்எனர்ஜிஸ். குரோனோஸிலிருந்து ஏறத்தாழ 80 கி.மீ. தூரத்தில், எகிப்தின் கடலில், எனி 2015-ல் கண்டுபிடித்த ஸோர் வயல் இருக்கிறது. ஸோரின் உற்பத்தி குறைந்துகொண்டே வருவதால் அதன் குழாய்களிலும் சுத்திகரிப்பு நிலையத்திலும் இடம் காலி. டாமியட்டா ஆலையிலும் எனிக்குப் பங்கு. அதாவது தன் வயலின் வாயுவைத் தன் குழாயில் தன் ஆலைக்கு அனுப்பி ஐரோப்பாவுக்கு ஏற்றுவது. 2025 பிப்ரவரியில் கெய்ரோவில் சைப்ரஸும் எகிப்தும் இதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. சைப்ரஸ் வாயுவில் முதலில் வெளியே வரப்போவது குரோனோஸ் என்று எல்லோரும் சொல்வதன் காரணம் இதுதான்.

அஃப்ரடைட்டி இவ்வளவு சுலபமாக நகரவில்லை. அதன் உரிமை இன்று செவ்ரான் (35%), ஷெல் (35%), இஸ்ரேலின் நியூமெட் (30%) கையில். வயலை மேம்படுத்தும் செலவைக் குறைக்க, கடலில் தனியாக மிதக்கும் உற்பத்தி மேடை வேண்டாம், பதப்படுத்தாத வாயுவை நேரே எகிப்தின் கடலில் இருக்கும் நிலையங்களோடு இணைத்துவிடலாம் என்று நிறுவனங்கள் 2023-ல் கேட்டன. சைப்ரஸ் அரசு மறுத்துவிட்டது. ஒரு மேடைக்காக இரண்டு வருட இழுபறியா என்று வெளியிலிருந்து பார்த்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். என் பார்வையில் அந்தப் பிடிவாதம் சரி. மேடை சைப்ரஸ் கடலில் இருந்தால், அங்கே சுத்தமாகி வெளிவருவது விற்பனைக்குத் தயாரான வாயு. நாளைக்கு எகிப்து விலை பேசவில்லையென்றால் வேறு குழாயையோ மிதக்கும் ஆலையையோ அங்கேயே கோத்துவிடலாம். மேடை இல்லையென்றால் கிணறு சைப்ரஸுக்கு, வால்வு எகிப்துக்கு. கடைசியில் 2025 பிப்ரவரியில் ஒப்புதலான திட்டத்தில் மேடை உண்டு; அங்கிருந்து போர்ட் சையதுக்குக் குழாய். திட்டத்தின் செலவு சுமார் 400 கோடி டாலர். வாயு வருவதோ அடுத்த பத்தாண்டின் தொடக்கத்தில்தான்.

மறைமுகச் செலவுகளுக்கு வருவோம். எகிப்து இன்று வாயு விற்கும் நாடு என்பதைவிட வாயு தேடும் நாடு. 2023, 2024 கோடைகளில் அங்கே முறைவைத்து மின்வெட்டு; ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு 2024-ல் எல்.என்.ஜி.யை இறக்குமதி செய்ய ஆரம்பித்தது. 2025 ஜூனில் ஈரானுடனான சண்டையால் இஸ்ரேல் தன் லெவியத்தான் வயலை நிறுத்தியபோது எகிப்தின் உர ஆலைகள் வாயு இல்லாமல் நின்றன. பக்கத்து வீட்டு கிரைண்டரில் மாவு அரைப்பது போலத்தான் இது: அவர்கள் வீட்டில் விசேஷம் என்றால் நம் அரிசி ஓரமாக உட்கார வேண்டும். சைப்ரஸ் வாயு டாமியட்டாவுக்குப் போய்க் கப்பலேறும் என்று காகிதத்தில் இருந்தாலும், ஆகஸ்ட் மாதத்து கெய்ரோ இருட்டில் கிடக்கும்போது அதே வாயு மின்நிலையத்துக்குத் திருப்பப்படாது என்று யார் உறுதி சொல்வது?

அப்புறம் பாக்கி. வெளிநாட்டு எண்ணெய் நிறுவனங்களுக்கு எகிப்து வைத்த பாக்கி பல நூறு கோடி டாலர்களாக ஏறி, பிறகு தவணையில் அடைபட்ட வரலாறு ஒருமுறை மட்டும் நடந்ததல்ல. டாலர் கைக்கு வரத் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் விலையில் ஒரு தள்ளுபடிதான்.

எப்போது இதுவே சரி: வயல் சிறியது, நடுத்தரமானது, அதே நிறுவனத்துக்கு அக்கரையிலும் சொத்து உண்டு, முதல் வருமானம் சீக்கிரம் வேண்டும்.

## 2. கிரீஸுக்கு ஆழ்கடல் குழாய்

ஈஸ்ட்மெட் என்று பெயர் வாங்கிய திட்டம். இஸ்ரேல், சைப்ரஸ் கடலிலிருந்து கிரீட் தீவு வழியாகக் கிரீஸ் நிலப்பகுதிக்கு ஏறத்தாழ 1,900 கி.மீ. ஆண்டுக்கு 10 பில்லியன் கன மீட்டர், செலவு சுமார் 600 கோடி யூரோ என்று மதிப்பிட்டார்கள். சில இடங்களில் ஆழம் 3,000 மீட்டர். கருங்கடலின் டர்க்ஸ்ட்ரீம் குழாயே 2,200 மீட்டர்வரைதான் இறங்குகிறது. 2020 ஜனவரி 2 அன்று ஏதென்ஸில் மூன்று நாடுகளும் கையெழுத்திட்டன. 2022 ஜனவரியில் அமெரிக்கா ஆதரவை விலக்கிக்கொண்டது.

அமெரிக்கா விலகியதால்தான் திட்டம் செத்தது என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 10 பில்லியன் கன மீட்டர் 20 வருடத்துக்கு என்றால் 200 பில்லியன். டிரில்லியன் கன அடிக் கணக்கில் சுமார் 7. அஃப்ரடைட்டியைப் போல இரண்டு வேண்டும், இல்லையென்றால் இஸ்ரேல் பெரும்பங்கு தர வேண்டும். இஸ்ரேலோ எகிப்துக்கும் ஜோர்டானுக்கும் விற்றுக்கொண்டிருக்கிறது. 2025 ஆகஸ்டில் எகிப்தோடு 3,500 கோடி டாலருக்கு, 130 பில்லியன் கன மீட்டருக்கு இன்னொரு பெரிய ஒப்பந்தமும் போட்டது. அந்தப் பக்கம் நீண்டகாலத்துக்கு வாங்குகிறேன் என்று கையெழுத்திட்ட ஐரோப்பிய நிறுவனமும் இல்லை. விற்பவர், வாங்குபவர் இருவரும் இல்லாத குழாய்க்கு மூன்று நாடுகள் கையெழுத்திட்டு என்ன பயன்?

போதாக்குறைக்கு, துருக்கியும் லிபியாவும் 2019 நவம்பரில் செய்துகொண்ட கடல் எல்லை உடன்பாட்டுக் கோடு இந்தப் பாதையின் குறுக்கே விழுகிறது. அந்தக் கோட்டைக் கிரீஸ் ஏற்கவில்லை. ஆனால் குழாய் பதிக்கும் கப்பலுக்குக் காப்பீடு தருகிறவர் சட்டப் புத்தகத்தை மட்டும் பார்ப்பதில்லை.

எப்போது சரி: வயல் மிகப் பெரியது, சந்தை மறுகரையில் உறுதி, நடுவே தகராறு இல்லை. இங்கே மூன்றும் இல்லை.

## 3. துருக்கிக்குக் குழாய்

பொறியியலாக மட்டும் பார்த்தால் இதைவிட மலிவான வழி கிடையாது. துருக்கியிலிருந்து வடக்கு சைப்ரஸுக்கு 80 கி.மீ. கடலடிக் குழாயில் 2015 முதல் குடிதண்ணீரே வந்துகொண்டிருக்கிறது. துருக்கி பெரிய சந்தை. அதைத் தாண்டி ஐரோப்பாவுக்கும் குழாய்கள் உண்டு.

ஆனால் சைப்ரஸ் குடியரசையே துருக்கி அங்கீகரிப்பதில்லை. 2018 பிப்ரவரியில் எனியின் துளையிடும் கப்பல் சாய்பெம் 12000-ஐத் துருக்கியின் போர்க்கப்பல்கள் வழிமறித்தன. கப்பல் துளையிடாமலே திரும்பிப்போனது. பிரிந்து கிடக்கும் தீவை இணைக்க 2017-ல் கிரான்ஸ்-மொண்டானாவில் நடந்த பேச்சு முறிந்தபின் தீர்வு கண்ணுக்கெட்டவில்லை. வாயு சமாதானத்தைக் கொண்டுவரும் என்று 2011 வாக்கில் நிறையப் பேர் எழுதினார்கள். நடந்தது நேர் எதிர்.

எப்போது சரி: அரசியல் தீர்வு வந்த மறுநாள். அதுவரை கணக்கில் சேர்க்க வேண்டாம்.

## 4. வாசிலிகோஸில் சொந்த ஆலை

2013-ல் சைப்ரஸின் கனவு இதுதான். தெற்குக் கரையில் வாசிலிகோஸில் ஆண்டுக்கு 50 லட்சம் டன் ஆலை; அப்புறம் இஸ்ரேல் வாயுவும் அங்கேயே வரும், தீவு வட்டாரத்தின் மையமாகிவிடும். அஃப்ரடைட்டியில் 7 டிரில்லியன் கன அடி இருக்கும் என்ற முதல் மதிப்பீட்டை நம்பி எழுதிய திட்டம் அது. அதே வருடம் இரண்டாவது கிணறு தோண்டியதும் மதிப்பீடு கீழே வந்தது, கனவும் கலைந்தது. இஸ்ரேல் தன் வாயுவை இன்னொரு நாட்டின் கரையில் இறக்கச் சம்மதிக்கவும் இல்லை.

சொந்த ஆலை இருந்தால் கப்பலை எந்தத் திசைக்கும் அனுப்பலாம்: இன்று இத்தாலி, நாளை ஜப்பான். கரையில் வேலை, வரி, துறைமுகம் எல்லாம் நாட்டுக்கே. ஆனால் வாயுவை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிரவைக்கும் வேலையே உள்ளே வரும் வாயுவில் பத்தில் ஒரு பங்குவரை தின்றுவிடும். முன்பணமோ பயமுறுத்தும். மொசாம்பிக்கில் டோட்டல்எனர்ஜிஸ் நடத்தும் கரை ஆலைத் திட்டம் 2,000 கோடி டாலர். 2021 மார்ச்சில் பால்மா ஊர் தாக்கப்பட்டதும் வேலை நின்றது. நான்கு வருடத்துக்கு மேல் முடங்கிக் கிடந்தது. கரையில் கான்கிரீட்டாக நிற்கும் பணத்தை ஆபத்து வந்தால் கப்பலேற்றிக் கொண்டுபோக முடியாது.

எப்போது சரி: 10 டிரில்லியன் கன அடிக்குக் குறையாமல் கையிருப்பு உறுதியானபின், பல வயல்கள் ஒரே ஆலையைப் பகிரும்போது.

## 5. மிதக்கும் ஆலை

ஆலையையே கப்பலாக்கிக் கிணற்றுக்கு மேலே நிறுத்துவது. இதில் இரண்டு பரம்பரை உண்டு. ஒன்று ஷெல்லின் பிரெலூட்: 488 மீட்டர் நீளம், ஆண்டுக்கு 36 லட்சம் டன். ஆஸ்திரேலியாவுக்கு அப்பால் நிற்கும் அந்த ராட்சசக் கப்பல் 2020 பிப்ரவரியில் நின்று, மறுபடி சரக்கு ஏற்ற ஏறத்தாழ ஒரு வருடம் ஆனது. எல்லாவற்றையும் ஒரே தளத்தில் நெருக்கி வைத்தால் ஒரு மின்கோளாறு முழு ஆலையையும் படுக்க வைத்துவிடும்.

இன்னொன்று சிக்கனப் பரம்பரை. 1975-ல் கட்டிய ஹில்லி என்ற பழைய எல்.என்.ஜி. கப்பலைச் சிங்கப்பூரில் ஆலையாக மாற்றினார்கள். 2018 முதல் கேமரூனில் வேலை செய்தது. அதே வழியில் உருவான கிமி, செனகல்–மொரிட்டானியா எல்லைக் கடலில் 2025 ஏப்ரலில் முதல் சரக்கை ஏற்றியது. மொசாம்பிக்கில் கரை ஆலை முடங்கிக் கிடந்த அதே காலத்தில், நடுக்கடலில் இருந்த கோரல் சுல் மிதக்கும் ஆலை 2022 நவம்பரில் ஏற்றுமதியைத் தொடங்கியதையும் சேர்த்துப் பாருங்கள். நாடு ஒன்றே, வாயு ஒன்றே. பாதை மட்டும் வேறு.

மறைமுகச் செலவு? வாடகை ஆலை என்றால் வாயு வந்தாலும் வராவிட்டாலும் கட்டணம் ஓடும். செனகலில் கிமிக்காகக் கரையிலிருந்து பத்து கி.மீ. தள்ளி அலைத்தடுப்புச் சுவரே கட்ட வேண்டியிருந்தது. கோரல் சுல் உற்பத்தி முழுவதையும் பிபி நிறுவனம் 20 வருடத்துக்கு வாங்கிக்கொள்கிறது. வங்கிக்கு அது நிம்மதி, நாட்டுக்கோ விலை ஏறும்போது வேடிக்கை பார்க்கும் நிலை. உள்நாட்டு மின்நிலையத்துக்கு வாயு வேண்டுமென்றால் தனிக் குழாய் போட வேண்டும்.

எப்போது சரி: வயல் 3 முதல் 5 டிரில்லியன் கன அடி, பக்கத்தில் காலி ஆலை இல்லை, அல்லது பக்கத்து நாட்டை நம்ப முடியவில்லை.

## 6. வீட்டிலேயே எரித்து மின்சாரமாக விற்பது

சைப்ரஸின் மின்நிலையங்களுக்கு ஆண்டுக்கு ஒரு பில்லியன் கன மீட்டர்கூடத் தேவைப்படாது. அஃப்ரடைட்டி மட்டுமே 100 பில்லியன் கன மீட்டர். ஆகவே உள்ளூர்த் தேவையை மட்டும் நம்பி எந்த நிறுவனமும் ஆழ்கடலில் பணம் போடாது. மிச்சத்தை மின்சாரமாக்கிக் கிரீட்டுக்கு அனுப்பலாம் என்றால், ஏறத்தாழ 900 கி.மீ. கடலடிக் கேபிள் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 65.7 கோடி யூரோ மானியம் ஒதுக்கியும், 2024 ஜூலையில் காசோஸ் தீவருகே ஆய்வுக் கப்பலைத் துருக்கியின் கப்பல்கள் நெருங்கியதிலிருந்து அந்தத் திட்டமும் தள்ளாடுகிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கடலுக்கடியில் வாயுவை வைத்துக்கொண்டே சைப்ரஸ் வாசிலிகோஸில் எல்.என்.ஜி. இறக்குமதி முனையம் கட்டப் புறப்பட்டது. ஐரோப்பிய மானியம் 10 கோடி யூரோவுக்கு மேல். சீன நிறுவனம் தலைமையிலான கூட்டமைப்போடு ஒப்பந்தம். பிரொமிதியாஸ் என்று ஒரு கப்பலும் மாற்றிக் கட்டப்பட்டது. 2024-ல் ஒப்பந்தம் முறிந்தது. வாசிலிகோஸின் வாயு விசையாழிகள் அதன் பிறகும் டீசலில்தான் ஓடின. இதைக் கேலியாகப் பார்க்கத் தேவையில்லை. ஏற்றுமதிப் பாதை எதுவானாலும் வீட்டுக்கென ஒரு கிளைக்குழாய் தனியாகப் பேசி வாங்காவிட்டால் வராது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எப்போது சரி: வயல் சிறியது, உள்நாட்டில் மின்தேவை பெரியது. இலங்கைக் கடலில் மன்னார் படுகையில் கெய்ர்ன் இந்தியா டொராடோ, பாரகுடா என்று இரண்டு இடங்களில் வாயுவைக் கண்டதும் 2011-ல்தான். அங்கேயும் கெரவலப்பிட்டியில் வாயுவுக்கு மாறக்கூடிய மின்நிலையங்கள் எண்ணெயில் ஓடுகின்றன; ஆனால் மின்தேவை சைப்ரஸைவிடப் பல மடங்கு. மன்னாருக்கு இந்த ஆறாவது வழியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஏற்றுமதிப் பேச்சு பிறகு.

## ஒரே பார்வையில்

| பாதை | தேவையான கையிருப்பு | முன்பணம் | கடிவாளம் யாரிடம் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| எகிப்து குழாய் | குறைவு | குறைவு முதல் நடுத்தரம் | எகிப்து | பாக்கி, கோடைப் பற்றாக்குறை |
| கிரீஸ் குழாய் | மிக அதிகம் | மிக அதிகம் | துருக்கியின் எதிர்ப்பு, இஸ்ரேலின் முடிவு | ஒரே சந்தைக்குக் கட்டுப்படுதல் |
| துருக்கி குழாய் | குறைவு | மிகக் குறைவு | துருக்கி முழுவதுமாக | அரசியல் தீர்வு |
| கரை ஆலை | அதிகம் | மிக அதிகம் | சொந்தம் | எரிந்துபோகும் வாயு, பாதுகாப்பு |
| மிதக்கும் ஆலை | நடுத்தரம் | நடுத்தரம் முதல் அதிகம் | ஆலை உரிமையாளர், வாங்குபவர் | நிலையான வாடகை, நின்றுபோகும் நாட்கள் |
| உள்ளூர் மின்சாரம் | குறைவு | நடுத்தரம் | சொந்தம், கேபிள் இருந்தால் அண்டை நாடு | சிறிய சந்தை |

## எந்த வயலுக்கு எது?

குரோனோஸுக்கு யோசிக்கவே வேண்டாம், எகிப்து. அஃப்ரடைட்டிக்கும் எகிப்துதான், மேடை சைப்ரஸ் கடலில் இருக்கும்வரை. இந்த வயலின் ஓரம் இஸ்ரேலின் இஷாய் உரிமப் பகுதிக்குள் நீள்வதால் பங்கீட்டுத் தகராறு ஒன்று வருடக்கணக்கில் இழுத்தது என்பதையும் மறக்கக் கூடாது. எல்லை தாண்டும் வயலில் பங்கு பேசி முடிக்காமல் எந்தப் பாதையையும் தொடங்குவது வம்பு.

எக்ஸான்மொபிலும் கத்தார்எனர்ஜியும் வைத்திருக்கும் பத்தாம் எண் பிளாக்தான் (கடலில் உரிமம் தரப்பட்ட பகுதி) சுவாரஸ்யம். கிளாக்கஸும் பெகாசஸும் அங்கேதான். அந்த இருவருக்கும் எகிப்தின் ஆலைகளில் எனியைப் போல ஒட்டுறவு இல்லை, எல்.என்.ஜி. விற்பதில் இருவரும் பெரிய கைகள். மதிப்பீட்டுக் கிணறுகள் நல்ல கணக்குக் காட்டினால் மிதக்கும் ஆலைக்கு நியாயமான இடம் அதுவே. குறைவாகக் காட்டினால் அவர்களும் எகிப்துக் கதவைத் தட்ட வேண்டியதுதான்.

எகிப்துப் பாதையை எடுக்கும் நாடு ஒப்பந்தத்தில் நான்கு வரிகளைத் தேடிப் பார்க்க வேண்டும். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் கட்டவேண்டிய குறைந்தபட்சத் தொகை. பணம் எகிப்து பவுண்டில் இல்லாமல் டாலரில், வெளிநாட்டு வங்கிக் கணக்கில் வருமா என்பது. உள்நாட்டுப் பற்றாக்குறை நாட்களில் கப்பலுக்கென்று ஒதுக்கிய வாயுவைத் திருப்பினால் ஐரோப்பிய விலைக்கு ஈடு உண்டா என்பது. தகராறு வந்தால் விசாரிக்கும் நடுவர் மன்றம் மூன்றாவது நாட்டில் இருக்கிறதா என்பது. முதல் மூன்றையும் விற்கும் நிறுவனங்களே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடக் கூடாது. அவர்களில் சிலருக்கு அக்கரையிலும் சொத்து இருக்கிறது.